கிணற்றைக் காக்க ஊரைக் காலி செய்பவன்: வாசகர் கேள்வி பதில்

மர்மத் தொடர் எழுதுவோருக்கான இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பல இம்முறை ஒரே பாத்திரத்தைப் பற்றியவை: இயற்கையைக் காப்பாற்றுவதற்காக மனிதரை ஒழிக்கத் துணியும் விஞ்ஞானி. கதைக்களமாக எல்லோரும் யாழ்ப்பாணத்தையே எடுத்திருப்பதால், நாவல் எழுதும் முறையோடு நிலத்தடி நீரின் இரசாயனத்தையும் சேர்த்தே பதில் சொல்கிறோம்.

கொக்குவில் வாசகி: என் நாவலின் வில்லன் நிலத்தடி நீரை ஆராயும் பேராசிரியர். குடாநாட்டின் நீர் தப்ப வேண்டுமென்றால் சனத்தொகை பாதியாக வேண்டும் என்று நம்புகிறவர். முதல் பிரதியை வாசித்த தோழி, "கார்ட்டூன் வில்லன் மாதிரி இருக்கிறார்" என்றாள். எங்கே பிழை?

பதில்: அவர் சொல்வதில் எவ்வளவு உண்மை என்பதை நீங்கள் எழுதாமல் விட்டதுதான் பிழையாக இருக்கும். பைத்தியக்காரர் என்று வாசகர் முதல் அத்தியாயத்திலேயே முடிவு கட்டிவிட்டால், பிறகு பயம் வராது. அவர் பேசும்போது வாசகர் தலையாட்ட வேண்டும். இரண்டு அத்தியாயம் கழித்து, எதற்குத் தலையாட்டினோம் என்று திடுக்கிட வேண்டும்.

உண்மைக்கு உங்களுக்குப் பஞ்சமில்லை. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கலாம் என்பது பாடநூல் கணக்கு. மறுபக்கம், மேலே 1 அடி இறைத்தால் கீழே 40 அடி உவர் ஏறும். கரும்பலகையில் இந்த ஒரு கணக்கை அவர் போட்டுக் காட்டினால் போதும், ஒரு பக்க வசனம் மிச்சம்.

அடுத்தது நைத்திரேற்று, நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நீரில் கரைந்து நிற்பது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அள்ளிப் போட்ட உரம், வீட்டுக்கு வீடு இருக்கும் மலசலக் குழி, இரண்டும் மெல்லிய செம்மண்ணைத் தாண்டிக் கிணற்றுக்குப் போகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது எல்லை. அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் திறனை இழந்து உடல் நீலம் பூக்கலாம். "நாங்கள் கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறனாங்கள், சேர்" என்று ஒரு தாய் பெருமையாகச் சொல்லும் காட்சி வையுங்கள். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகக் குறைய, அது செறிவாகத்தான் செய்யும். இது அவருக்குத் தெரியும். சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொள்கிறார். அந்தத் தயக்கத்தில் அவர் இன்னும் மனிதர். அந்தத் தயக்கம் எந்த அத்தியாயத்தில் இல்லாமற் போகிறது என்பதை முடிவு செய்தீர்களென்றால் பாத்திரம் உங்கள் கைக்குள் வந்துவிடும்.

இனி அவர் வழுக்கும் இடம். "நீர் போதாது" என்பதிலிருந்து "மனிதர் கூடிவிட்டார்கள்" என்பதற்குத் தாவும்போது அவர் எந்த அளவையும் எடுக்கவில்லை. 1981 கணக்கெடுப்பில் யாழ் மாவட்டத்தில் 7 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். 2012இல் 6 இலட்சத்துக்கும் குறைவு. போரும் புலம்பெயர்வும் அவர் கேட்கும் குறைப்பில் ஒரு பகுதியை ஏற்கெனவே செய்துவிட்டன. நைத்திரேற்றுச் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. உரத்தின் அளவும், மலசலக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலுள்ள தூரமும், மழைநீர் கடலுக்கு ஓடிவிடுவதும் ஆட்களின் எண்ணிக்கையோடு சேர்ந்து குறையவில்லை. இருபது வருடம் அளந்த ஒருவர் இதை மட்டும் அளக்க மறுக்கிறார். ஏன் மறுக்கிறார் என்பதற்கான விடையில்தான் உங்கள் வில்லன் இருக்கிறார். குழந்தைப் பருவத் துயரம், இறந்த மனைவி என்று காரணம் தேடிப் போகாதீர்கள். அவருடைய அறிக்கைகளை ஒருவரும் வாசிக்கவில்லை என்ற ஆத்திரமே போதும். அலுமாரியில் தூசி படிந்த பிரதிகளைப் பார்த்த எந்த ஆய்வாளருக்கும் அந்த ஆத்திரம் விளங்கும்.

சாவகச்சேரி வாசகர்: என் வில்லன் ஊர்க் கிணறுகளில் நஞ்சு கலக்கிறான். எந்த நஞ்சு, எவ்வளவு, எங்கே கிடைக்கும் என்பதைத் துல்லியமாக எழுதினால்தானே நம்பகம் வரும்?

பதில்: வேண்டாம். செய்முறையாக மாறக்கூடிய பக்கத்தை அச்சில் ஏற்றுவது தவறு. அதைத் தவிர்ப்பதால் கதைக்கும் நட்டமில்லை. வாசகருக்குப் பயம் தருவது, காலையில் வாளியை இறக்கும் கையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்கும் ஒருவன். போத்தலின் பெயர் அங்கே யாருக்கும் தேவைப்படாது.

உண்மை வரலாறும் நஞ்சுக் கதைக்குப் பெரிதாகத் துணை நிற்காது. 1972இல் சிக்காகோவில் இரண்டு இளம் மாணவர்கள், மனிதகுலத்தை அழித்துவிட்டுத் தாங்கள் தெரிந்தெடுத்த சிலரோடு தூய உலகை மீண்டும் தொடங்கலாம் என்று எண்ணி, நகரக் குடிநீரில் தைபோயிட்டுக் கிருமியைக் கலக்கத் திட்டமிட்டார்கள். கூட இருந்தவர்களே காட்டிக்கொடுத்தார்கள். கலந்திருந்தாலும் குளோரீன் அந்தக் கிருமியைக் கொன்றிருக்கும். உலகையே திருத்த வந்தவர்கள் நீர்வழங்கலின் முதற்பாடத்தைப் பார்க்கவில்லை.

உங்கள் வில்லன் அதைவிடக் கெட்டிக்காரனாக இருக்கட்டும். அவனுடைய ஆயுதம் அவன் கையெழுத்து. ஊரிலுள்ள நல்ல கிணறுகளை "குடிக்க உகந்ததல்ல" என்று சான்றுப்படுத்துகிறான். பவுசரில் தண்ணீர் வரத் தொடங்குகிறது, காணி விலை விழுகிறது, பிள்ளைகள் உள்ளவர்கள் முதலில் போகிறார்கள். ஒரு துளி நஞ்சும் தேவைப்படவில்லை. இதன் கனம் நம் வாசகருக்கு உடனே ஏறும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில், 2014, 2015 காலத்தில் ஓர் அறிக்கை ஆபத்து என்றது, இன்னொன்று இல்லை என்றது. எந்தத் தாளை நம்பிப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பது என்று தெரியாமல் சனம் நின்றது. 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கப் பணித்தது. அந்த நிகழ்வை அப்படியே கதைக்குள் இழுக்க வேண்டாம். அது உண்மையான குடும்பங்களின் துயரம். அறிக்கையை நம்புவதா விடுவதா என்ற அந்தத் தவிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மானிப்பாய் வாசகி: என் கதையில் ஆய்வுகூட உதவியாளராக இருக்கும் பெண்தான் பேராசிரியரின் மோசடியைக் கண்டுபிடிக்க வேண்டும். கணினிக் கடவுச்சொல்லைத் திருடுவது அலுத்துப்போன உத்தி. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு, மிக அழகான வழி. நீர்ப் பகுப்பாய்வு அறிக்கையே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

நீரில் கரைந்த உப்புகள் மின்னேற்றமுள்ள துணிக்கைகளாக, அதாவது அயன்களாக, பிரிந்து நிற்கும். நேரேற்ற அயன்களின் மொத்த ஏற்றமும் எதிரேற்ற அயன்களின் மொத்த ஏற்றமும் சமமாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் மில்லிகிராம் அளவையும் அதன் சமவலு நிறையால் (அயனின் நிறையை அதன் ஏற்ற எண்ணால் வகுத்து வருவது) வகுத்துக் கூட்டினால் இரு பக்கமும் ஒன்றையொன்று நெருங்கி வரும். உங்கள் நாயகிக்கு ஒரு கிணறு தருகிறோம். லீற்றருக்கு கல்சியம் 100 மில்லிகிராம், மகனீசியம் 24, சோடியம் 69. முறையே 20, 12, 23 ஆல் வகுத்தால் 5, 2, 3, கூட்டினால் 10. மறுபக்கம் இருகாபனேற்று 305, குளோரைட்டு 106, சல்பேற்று 48, நைத்திரேற்று 62. முறையே 61, 35.5, 48, 62 ஆல் வகுத்தால் 5, 3, 1, 1, அதுவும் 10. சுண்ணாம்புக்கல் நீருக்கு ஏற்ற எண்கள் இவை.

இப்போது பேராசிரியர் கடல்நீர் புகுந்ததாகக் காட்ட, குளோரைட்டை 106 இலிருந்து 461 ஆக்குகிறார். எதிரேற்றப் பக்கம் 20 ஆகிவிட்டது, மற்றப் பக்கம் 10 இலேயே நிற்கிறது. வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 33 சதவீதப் பிழை. 5 சதவீதத்துக்கு மேல் போனாலே நல்ல ஆய்வுகூடம் மறுபடி செய்யச் சொல்லும். அவள் ஒரு கல்குலேற்றரோடு மேசையில் இருந்தபடியே இதைப் பிடிக்கலாம்.

ஆனால் அவர் பேராசிரியர். இவ்வளவு கொச்சையாக விடமாட்டார், சோடியத்தையும் சேர்த்துக் கூட்டுவார். தாளில் எல்லாம் சமன். அப்போது அவளுக்குக் கிணற்றடிக்குப் போக வேண்டிய தேவை வருகிறது. கையடக்க மின்கடத்துதிறன் மானியோடு போகட்டும். கரைந்த அயன் கூடக் கூட நீர் மின்னைக் கூடுதலாகக் கடத்தும், மானி அதை எண்ணாகக் காட்டும். இரு பக்கமும் 10 உள்ள நீர் சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 1000 மைக்ரோ சீமன்ஸ் காட்டும். 20 உள்ளது 2000ஐ ஒட்டிக் காட்டும். தாள் 2000 என்கிறது, மானி 1000 என்கிறது. வெயில், வாளி, ஒரு எண். அந்தக் காட்சிக்கு வேறொன்றும் தேவையில்லை.

இன்னொரு படி மேலே போக விருப்பமா? ஆத்திரத்தில் அவர் ஒரு கிணற்றில் உண்மையாகவே உப்பைக் கொட்டுகிறார் என்று வையுங்கள். மானியும் இப்போது அவர் பக்கம். ஆனால் கடல்நீரில் ஒரு கிராம் குளோரைட்டுக்கு ஏறத்தாழ மூன்றரை மில்லிகிராம் புரோமைட்டு இருக்கும். உப்பளத்தில் உப்பு படியும்போது புரோமைட்டும் மகனீசியமும் பெரும்பாலும் எஞ்சிய கசப்பு நீரோடு நின்றுவிடுகின்றன. ஆனையிறவு உப்பென்றாலும் கடை உப்பென்றாலும் இதுதான் நிலை. ஆகவே கிணறு உவர்க்கிறது, புரோமைட்டு மட்டும் குறைவு என்றால், அந்த உவர் கடலிலிருந்து வரவில்லை, சாக்கிலிருந்து வந்திருக்கிறது. புரோமைட்டை அளக்க, அயன்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் அயன் நிறப்பகுப்புக் கருவி வேண்டும். ஊரில் எல்லா ஆய்வுகூடத்திலும் அது இருக்காது. மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பிக் காத்திருக்கும் நாட்களை உங்கள் பதற்றத்துக்குப் பயன்படுத்துங்கள்.

எங்களுக்கு எல்லாவற்றிலும் பிடித்த தந்திரம் வேறு. எண் எதையும் அவர் மாற்றவில்லை. நைத்திரேற்று 62 என்று வந்ததை, "நைதரசனாக 62" என்று தலைப்பு மாற்றி எழுதுகிறார். நைதரசனாகச் சொல்லும் அளவு நைத்திரேற்றிலுள்ள நைதரசனின் நிறையை மட்டும் குறிப்பது, அதை நைத்திரேற்றாக்க 4.43 ஆல் பெருக்க வேண்டும். எல்லையைச் சற்றே தாண்டிய கிணறு ஒரே சொல்லில் 275 ஆகிவிடுகிறது. கேட்டால் "தட்டச்சுப் பிழை" என்று சிரிக்கலாம். அதே சமநிலைக் கணக்கு இதையும் காட்டிக்கொடுக்கும், இம்முறை ஏறத்தாழ 15 சதவீதப் பிழையோடு. பொய்யனை எழுதுவதைவிட, உண்மையான எண்ணைக்கொண்டு பொய் சொல்பவனை எழுதுவது கடினம். நாவலுக்கு அவனே வேண்டும்.

மாதிரி எடுக்கும் காட்சியில் பிழை விடாதீர்கள். தேங்கி நின்ற நீரை இறைத்துவிட்டு எடுக்க வேண்டும். பிளாஸ்ரிக் போத்தலை அதே நீரால் மூன்று முறை அலச வேண்டும். நைத்திரேற்றுக்கானதை 4 பாகை செல்சியசில் குளிராக்கி 48 மணித்தியாலத்துக்குள் பகுப்பாய்வு செய்ய வேண்டும். உலோகங்களுக்கான போத்தலில் நைத்திரிக்கமிலம் விடுவார்கள். அந்தப் போத்தலைத் தவறுதலாக நைத்திரேற்றுக்குக் கொடுத்தால் எண் கண்டபடி ஏறும். அது உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் திருப்பம்: நாயகி மோசடி என்று குற்றஞ்சாட்டிய முதல் அறிக்கை, அவளே போத்தல் மாற்றியதால் வந்த பிழை. பேராசிரியர் அவளை எல்லோர் முன்னும் மிகப் பொறுமையாகத் திருத்துகிறார். அதன் பிறகு அவளை யார் நம்புவார்கள்?

பருத்தித்துறை வாசகர்: 1990இல் சனம் வெளியேறிய வலிகாமம் வடக்கைக் காட்டி, "மனிதர் போனதும் காடு வந்தது, குருவி வந்தது" என்று என் வில்லன் பேசுகிறான். இது வாசகரைப் புண்படுத்துமா?

பதில்: புண்படுத்தும். ஆனாலும் எழுதலாம், அவன் கொள்கையின் முழு உருவமும் அங்கேதான் தெரிகிறது. ஒரு நிபந்தனை: பதில் சொல்லும் ஆள் அந்தக் காட்சியிலேயே நிற்க வேண்டும். நலன்புரி முகாமில் கால் நூற்றாண்டு இருந்து, காணி விடுவிக்கப்பட்டபின் திரும்பி வந்த ஒருவர். அவர் வாதாட வேண்டாம். வளவைக் காட்டினால் போதும்: கூரையும் நிலையும் இல்லாத சுவர், உள்ளே வளர்ந்த மரம், இடிந்து தூர்ந்த கிணறு. இறைக்காத கிணற்றில் இலைகுழை அழுகி, கிணற்றுக் கட்டினை வேர் பிளந்து, கல் உள்ளே விழும். அதைக் கலக்கி இறைத்துத் துப்புரவாக்கியது மனிதக் கை. வேலியோரப் பனையை நட்டு வளர்த்ததும் கைதான். மனிதரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இயற்கை என்று பேராசிரியர் நம்பும் நிலமே, தலைமுறைகளாகக் குழையும் எருவும் தாட்டு உண்டாக்கிய தோட்டம். இந்த உண்மையை அவர் வாயில் வைக்காதீர்கள், கதைசொல்லியின் வாயிலும் வைக்காதீர்கள். கிணறு இறைக்கும் வேலையை ஒன்றரைப் பக்கம் ஒழுங்காக எழுதுங்கள்.

"கூடிய சனம்" என்று அவர் பேசும்போது யாருடைய பிள்ளைகளை எண்ணுகிறார் என்பதையும் கவனியுங்கள். இப்படிப்பட்ட கணக்கில் எண்ணுகிறவருடைய வீடு ஒருபோதும் வராது. இந்தியாவில் 1975 முதல் 1977 வரையான அவசரநிலைக் காலக் கருத்தடை இயக்கத்திலும் கட்டாயம் ஏழைகள் மேலேயே விழுந்தது.

ஊர்காவற்றுறை வாசகர்: வில்லன் தன் கொள்கையை விளக்கும் நீண்ட உரை தேவையா?

பதில்: தேவையில்லை. கொள்கையை எழுத்தாக வைத்து, அதைத் தடயமாக்குங்கள். அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை குண்டு அனுப்பி மூவரைக் கொன்ற கணிதவியலாளர் தியடோர் கசின்ஸ்கி, தொழில்நுட்பச் சமுதாயத்துக்கு எதிரான 35,000 சொல் அறிக்கையைப் பத்திரிகையில் போடச் செய்தார். அவருடைய வாதமுறையையும் சொற்றொடர்களையும் தம்பி அடையாளங் கண்டார். 1996 ஏப்பிரலில் கைது. உங்கள் கதையில் அநாமதேயத் துண்டுப்பிரசுரம் ஒன்று வரட்டும். அதிலுள்ள ஒரு வாக்கியப் பழக்கம், அவருடைய பழைய மாணவியின் ஆய்வேட்டு ஓரத்தில் சிவப்பு மையில் இருக்கட்டும்.

நெல்லியடி வாசகி: சுற்றுச்சூழலுக்காக உழைக்கிறவர்களை எல்லாம் இந்தக் கதை சந்தேகிக்க வைத்துவிடாதா? எனக்கு அதுதான் பயம்.

பதில்: நியாயமான பயம். வில்லனிடமுள்ள அதே தரவுகளை வைத்துக்கொண்டு வேறு வழியில் போகும் இன்னொருவர் கதையில் இல்லாவிட்டால் அப்படித்தான் ஆகும். அவரை வெறும் நல்லவராக எழுதாமல் வேலை செய்கிறவராக எழுதுங்கள். தொண்டைமானாறு தடுப்பணையின் கதவு எப்போது திறக்கிறது, உவர் எப்போது உள்ளே வருகிறது என்று குறிப்பெடுப்பவர். தூர்ந்த குளத்தை வெட்டப் பிரதேச சபையோடு மல்லுக்கட்டுபவர். கடல்நீரேரிகளை மழைநீரால் நன்னீராக்கும், பொறியியலாளர் ஆறுமுகத்தின் பழைய "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறுபவர். அவருக்கும் அறிக்கையை ஒருவரும் வாசிக்காத ஆத்திரம் இருக்கட்டும். இருவரும் ஒருகாலத்தில் ஒரே மேசையில் இருந்தவர்கள் என்றால் இன்னும் நல்லது.

பொறுமைக்கும் அவசரத்துக்கும் உதாரணம் வேண்டுமென்றால் இரண்டு தருகிறோம். குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன் வாயு ஓசோன் படையைச் சிதைக்கும் என்று இரசாயனவியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள். ஏளனத்தையும் தொழிற்றுறையின் எதிர்ப்பையும் தாண்டி, அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மொன்றியல் உடன்பாடு 1987இல் வந்தது. மறுபக்கம், 2021இல் நம் நாட்டில் இரசாயன உரம் ஒரே அறிவிப்பில் தடைசெய்யப்பட்டு, விளைச்சல் விழும் என்று விவசாயிகள் தெருவுக்கு வந்தபின் அந்த ஆண்டு நவம்பரிலேயே தடை தளர்த்தப்பட்டது. உரத்தைக் குறைக்க வேண்டும் என்று காலமெல்லாம் சொன்னவர்களுக்கே அது பெரிய அடி. உங்கள் பேராசிரியர் 2021இல் என்ன நினைத்திருப்பார்? "மென்மையாகச் செய்ததால் தோற்றார்கள்" என்று முடிவெடுத்திருப்பார். அவர் தடம் மாறும் ஆண்டாக அதை வைக்கலாம்.

உண்மையான பல்கலைக்கழகத்தையோ திணைக்களத்தையோ பெயர் சொல்லி இழுக்க வேண்டாம். கற்பனை நிறுவனம் ஒன்றை உண்டாக்குங்கள். தெருக்களும் கிணறுகளும் உண்மையாக இருந்தால் போதும்.

சங்கானை வாசகர்: அவர் எப்படிப் பேசுவார்? எழுத்துத் தமிழில் வைத்தால் மேடைப்பேச்சாகி விடுகிறது.

பதில்: விரிவுரையில் எழுத்துத் தமிழ், கிணற்றடியில் ஊர்த் தமிழ். தோட்டக்காரரிடம் "ஐயா, இஞ்ச பாருங்கோ", சாரதியிடம் "தம்பி", உதவியாளரிடம் "பிள்ளை". அவள் திரும்ப "சேர்" என்பாள். அவளைச் சந்தேகிக்கத் தொடங்கும் நாளில் "பிள்ளை" நின்று, முழுப்பெயரும் "நீர்" என்ற விளிப்பும் வரட்டும். குரலை உயர்த்த வேண்டாம்.

சுழிபுரம் வாசகி: முடிவில் அவர் சாக வேண்டுமா?

பதில்: வேண்டாம். பொலிஸார் கூட்டிக்கொண்டு போகட்டும், வழக்கு இழுபடட்டும். அதற்குப் பிறகு உங்களுக்கு இன்னும் ஓர் அத்தியாயம் இருக்கிறது: அறிக்கை பொய் என்று தெரிந்தபின் ஊருக்கு என்ன ஆகிறது? நாயகி திருத்திய முடிவுகளோடு வீடு வீடாகப் போகிறாள். ஒரு வீட்டில் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "முந்தினதிலயும் இதே மாதிரித்தான் சீல் இருந்தது" என்கிறார்கள். இன்னொரு வீடு பூட்டியிருக்கிறது, காணி விற்றாயிற்று. மூன்றாவது வீட்டுக் கிணற்றில் நைத்திரேற்று உண்மையிலேயே 50க்கு மேல். பேராசிரியர் அந்தக் கிணற்றைப் பற்றி மட்டும் பொய் சொல்லவில்லை. அங்கே கைக்குழந்தை இருக்கிறது. அவள் அந்தத் தாயிடம் எதைச் சொல்வாள், அந்தத் தாய் எதை நம்புவாள் என்பதை அவசரப்படாமல் எழுதுங்கள். பால்மாவுக்கு வேறு தண்ணீர் எடுக்கச் சொல்ல வேண்டும், கொதிக்க வைத்தால் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். மலசலக் குழி எத்தனை அடி தள்ளி இருக்கிறதென்று அளக்க, நாடாவின் மறுமுனையை யாராவது பிடிக்க வேண்டும்.